எல்லாம் தெரிந்தும் வீழ்ந்த அரசு: கிழக்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவு

பனிப்போர்க் கால உளவு என்றதும் சி.ஐ.ஏ.வும் கே.ஜி.பி.யும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் எதிரியின் அலுவலகங்களுக்குள் எவ்வளவு ஆழமாகப் போக முடிந்தது என்று பார்த்தால், அந்த இரண்டு பெரிய துறைகளும் பொறாமைப்படும்படி வேலை செய்தது ஒரு சிறிய நாடு: சுமார் 1.6 கோடிப் பேர் வாழ்ந்த கிழக்கு ஜெர்மனி. மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவரான சான்சலரின் அலுவலகம், அந்நாட்டின் வெளிநாட்டு உளவுத்துறையான பி.என்.டி., உள்நாட்டு உளவுத்துறையான பி.எஃப்.வி., ராணுவத்தின் எதிர்உளவுப் பிரிவு, பிரஸ்ஸல்ஸில் உள்ள நேட்டோ தலைமையகம் என எல்லா இடங்களிலும் கிழக்கு பெர்லினுக்குச் செய்தி அனுப்பும் ஆட்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் 1990 அக்டோபர் 3 அன்று அந்த நாடே இல்லாமல் போனது.

உளவு வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். யார் எப்படி உள்ளே நுழைந்தார், எந்தக் காகிதத்தை எப்படிப் படமெடுத்தார் என்பதெல்லாம் சுவாரசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவும் தெரிந்த ஓர் அரசு அதை வைத்து என்ன செய்தது? அதற்காக யாரெல்லாம் விலை கொடுத்தார்கள்? இந்தக் கட்டுரையில் நான் தொடர்ந்து கேட்கப்போவது இந்த இரண்டு கேள்விகளைத்தான்.

ஆய்வு நிறுவனம் என்ற பெயரில்

கிழக்கு ஜெர்மனியின் அரசுப் பாதுகாப்பு அமைச்சகம், அதாவது உலகம் ஸ்டாசி என்று அறிந்த அமைப்பு, 1950 பிப்ரவரியில் உருவானது. வெளிநாட்டு உளவு தனியாக 1951-இல், சோவியத் ஆலோசகர்களின் மேற்பார்வையில், ‘பொருளாதார அறிவியல் ஆய்வு நிறுவனம்’ என்ற அப்பாவித்தனமான பெயரில் தொடங்கியது. அடுத்த ஆண்டின் இறுதியில் அதன் பொறுப்பு மார்கஸ் வோல்ஃபிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 29.

வோல்ஃபின் தந்தை ஃப்ரீட்ரிஷ் வோல்ஃப் ஒரு மருத்துவர், நாடக ஆசிரியர், யூதர், கம்யூனிஸ்ட். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. மகன் மாஸ்கோவில் படித்து வளர்ந்தார். போர் முடிந்ததும் பெர்லின் வானொலியில் செய்தியாளராகச் சேர்ந்து, நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையை நேரில் பார்த்து எழுதினார். இந்தப் பின்னணியை மறந்துவிட்டு வோல்ஃபைப் புரிந்துகொள்ள முடியாது. மேற்கு ஜெர்மனியைப் பழைய நாஜிகள் மீண்டும் தலையெடுக்கும் இடமாகவே அவர் தலைமுறை கம்யூனிஸ்டுகள் பார்த்தார்கள். அங்கே முன்னாள் நாஜி அதிகாரிகள் பலர் பதவிகளில் தொடர்ந்ததும் உண்மைதான். மேற்கில் கிழக்குக்காக உழைக்கச் சம்மதித்தவர்கள் பலரை இந்த வாதமே இழுத்தது.

தொடக்கத்திலேயே ஒரு பெரிய அடி விழுந்தது. 1953-இல் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் பட்டியல்களோடு மேற்கே ஓடிவிட, மேற்கு ஜெர்மனி ‘வல்கன்’ என்ற பெயரில் கைது நடவடிக்கையில் இறங்கியது. பிடிபட்டவர்களில் சிலருக்கும் உளவுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு தெரிந்து விடுவித்தார்கள். வோல்ஃபுக்கு அது நல்ல பாடமாகிவிட்டது. அதன்பின் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாதபடி துறை கறாராகப் பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு அது ஸ்டாசியோடு இணைக்கப்பட்டது. 1956-இல் அதற்கு உளவுத் தலைமை இயக்ககம் என்று பெயர் வந்தது. ஜெர்மன் எழுத்துகளில் சுருக்கமாக ஹெச்.வி.ஏ.

இந்தத் துறைக்குக் கிடைத்த வசதி உலகில் வேறு எந்த உளவுத்துறைக்கும் கிடைக்கவில்லை. எதிரி நாட்டில் பேசுவது அதே மொழி. இரண்டு பக்கமும் ஒரே சாதி சனம், ஒரே பள்ளிப் பாடம், ஒரே சாப்பாடு. 1949-க்கும் பெர்லின் சுவர் எழுந்த 1961-க்கும் இடையே சுமார் 27 லட்சம் பேர் கிழக்கிலிருந்து மேற்கே போய்க் குடியேறினார்கள். வந்தவர்களை மேற்கு ஜெர்மனி தன் குடிமக்களாகவே ஏற்றுக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் சில நூறு பேரைக் கலந்து அனுப்பினால் யார் கண்டுபிடிக்க முடியும்? கூட்டத்தோடு கூட்டமாகப் போய், வேலை தேடி, கட்சியில் சேர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்து மேலே வந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு தம்பதிதான் குந்தர் கியோமும் கிறிஸ்டல் கியோமும்.

சான்சலரின் உதவியாளர்

1956-இல் அகதிகள் போல ஃப்ராங்க்ஃபர்ட் வந்து சேர்ந்த அவர்களுடைய குடும்பம் அங்கே காப்பித்தூளும் புகையிலையும் விற்கும் ஒரு கடை வைத்தது. அடுத்த ஆண்டு சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார் குந்தர். திட்டப்படி முதலில் மேலே வரவேண்டியவர் மனைவிதான். ஆனால் கட்சி வேலையில் கணவர் காட்டிய சுறுசுறுப்பு அவரை முந்த வைத்தது. கூட்டம் ஏற்பாடு செய்வது, பயணம் திட்டமிடுவது, சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் முடிப்பது என்று எந்தக் கட்சியும் விரும்பும் தொண்டர் அவர். 1970-இல் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரில் சான்சலர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அவர்மீது பழைய சந்தேகக் குறிப்பு பி.என்.டி.யில் இருந்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1972-இல் சான்சலர் வில்லி பிராண்டின் தனி உதவியாளர்களில் ஒருவராகிவிட்டார். பிராண்டின் கட்சிப் பணிகள் முழுக்க அவர் கையில்.

அவரைக் காட்டிக்கொடுத்தது மூன்று வாழ்த்துச் செய்திகள். ஐம்பதுகளில் கிழக்கு பெர்லின் தன் ஆட்களுக்குச் சிற்றலை வானொலியில் எண்களாகச் செய்தி அனுப்பியது. அன்றைய சங்கேத முறை பலவீனமானது. மேற்கு ஜெர்மனியர்கள் அந்த எண்களைப் பதிவு செய்து உடைத்துவிட்டார்கள். உடைத்த செய்திகளில் யாருக்கோ பிப்ரவரி முதல் தேதியில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து. அக்டோபர் தொடக்கத்தில் இன்னொருவருக்கு வாழ்த்து. 1957 ஏப்ரலில் ‘இரண்டாவது ஆண்மகனுக்கு’ வாழ்த்து. யார் இவர்கள் என்று தெரியாமல் அந்தக் காகிதங்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கோப்பில் கிடந்தன. 1973-இல் பி.எஃப்.வி. அதிகாரி ஒருவர் வேறு சில வழக்குகளைப் புரட்டும்போது கியோம் என்ற பெயர் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது. பழைய வாழ்த்துகளை எடுத்து வைத்துப் பார்த்தார். குந்தர் பிறந்தது பிப்ரவரி 1. கிறிஸ்டல் பிறந்தது அக்டோபர் 6. மகன் பியர் பிறந்தது 1957 ஏப்ரல். தூர தேசத்தில் தனியாக இருக்கும் ஆளுக்கு உற்சாகம் தர மேலதிகாரி செய்த ஒரு மரியாதை, பதினாறு ஆண்டுகள் கழித்து அதே ஆளைச் சிறைக்கு அனுப்பியது.

அதற்குப் பிறகு நடந்தது மேற்கு ஜெர்மனிக்குப் பெருமை தருவதல்ல. சந்தேகம் வந்ததும் அவரை நீக்காமல், ஆதாரம் தேடுவதற்காகப் பதவியிலேயே விட்டுவைத்தார்கள். 1973 கோடையில் பிராண்ட் நார்வேயில் ஹாமர் என்ற ஊர்ப் பக்கம் விடுமுறைக்குப் போனபோது, கூடப் போய் சான்சலருக்கு வந்த டெலக்ஸ் செய்திகளைக் கையாண்டவர் இந்தச் சந்தேகத்துக்குரிய மனிதர்தான். அமெரிக்க அதிபர் நிக்சனின் கடிதமும் அதில் அடக்கம். அந்தக் காகிதங்கள் தன்னிடம் வந்து சேரவே இல்லை என்று வோல்ஃப் பின்னாளில் சாதித்தார். 1974 ஏப்ரல் 24 அதிகாலையில் போலீஸ் கதவைத் தட்டியதும், தான் கிழக்கு ஜெர்மனியின் அதிகாரி என்று குந்தர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். இரண்டு வாரத்துக்குள் பிராண்ட் பதவி விலகினார்.

இப்போது என் முதல் கேள்விக்கு வருவோம். பிராண்ட் யார்? இரண்டு ஜெர்மனிகளுக்கும் இடையே பேச்சைத் தொடங்கி வைத்தவர். கிழக்கு ஜெர்மனியோடு 1972 டிசம்பரில் அடிப்படை ஒப்பந்தம் செய்து, அந்த நாட்டுக்கு உலக அரங்கில் அங்கீகாரம் கிடைக்க வழி திறந்தவர். 1973-இல் இரண்டு ஜெர்மனிகளும் ஐ.நா.வில் சேர்ந்தது அதன் விளைவு. கிழக்கு பெர்லினுக்கு அவரைவிட வேண்டப்பட்ட சான்சலர் இருந்திருக்க முடியாது. அது கிழக்குக்கும் தெரியும். 1972 ஏப்ரல் 27 அன்று எதிர்க்கட்சித் தலைவர் ரைனர் பார்ட்சல் நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். தேவை 249 வாக்குகள், கிடைத்தது 247. ஸ்டாசி தன் பணத்தைப் போட்டு, எதிர்க்கட்சி உறுப்பினர் யூலியஸ் ஸ்டைனருக்கு 50,000 மார்க் கொடுத்து பிராண்டைக் காப்பாற்றியதாக வோல்ஃபே பிறகு ஒப்புக்கொண்டார். லஞ்சம் கொடுத்துக் காப்பாற்றிய மனிதரை, இரண்டே ஆண்டில் அதே துறையின் இன்னொரு கை கவிழ்த்தது. குந்தர் அனுப்பியவற்றில் பெரும்பகுதி கட்சி, தொழிற்சங்க உள்விவகாரங்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரு நண்பனையே இழந்தார்கள். தன் துறையின் மிகப் பெரிய அரசியல் தோல்வி அது என்று வோல்ஃப் எழுதியது பாசாங்கு என்று நான் நினைக்கவில்லை.

காதல் என்ற கருவி

பான் நகர அலுவலகங்களில் போருக்குப் பிந்தைய தலைமுறைப் பெண்கள் பலர் செயலாளர்களாக வேலை பார்த்தார்கள். தனியாக வாழ்ந்தவர்கள், நல்ல படிப்பு, அமைச்சரின் எல்லாக் காகிதமும் முதலில் போவது அவர்கள் மேசைக்கு. ஹெச்.வி.ஏ. அவர்களைக் குறிவைத்து நல்ல பேச்சும் பொறுமையும் உள்ள ஆண்களை அனுப்பியது. பத்திரிகைகள் இவர்களுக்கு ‘ரோமியோ’ என்று பெயர் வைத்து இதை ஒரு வேடிக்கைக் கதை மாதிரி எழுதிக்கொண்டே இருக்கின்றன. இதில் வேடிக்கை எதுவுமில்லை. பல ஆண்டுகள் ஒருவரை நேசித்துவிட்டு, அந்த உறவே ஒரு அலுவலகம் ஒதுக்கிய வேலை என்று விசாரணை அறையில் தெரிந்துகொண்ட பெண்கள் உண்டு. அவர்களுக்குச் செய்யப்பட்டது கொடுமை. அதை அந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும்.

கப்ரியேலே காஸ்ட் கதை இதில் தனி ரகம். 1968-இல் கிழக்கு ஜெர்மனியில் பெண்களின் அரசியல் பங்கு பற்றி முனைவர் பட்ட ஆய்வுக்காக கார்ல்-மார்க்ஸ்-ஷ்டாட் நகரத்துக்குப் போன மேற்கு ஜெர்மன் மாணவி அவர். அங்கே ‘கார்ல்-ஹைன்ஸ் ஷ்மிட்’ என்ற பெயரில் அறிமுகமான ஸ்டாசி ஆளோடு காதல் வந்தது. அவரைப் பார்க்கத் தொடர்ந்து வரவேண்டுமானால் ஒத்துழைக்க வேண்டும் என்ற நிலையை உருவாக்கினார்கள். 1973-இல் அவர் பி.என்.டி.யில் ஆய்வாளராகச் சேர்ந்தார். செயலாளராக அல்ல. சோவியத் விவகாரங்களை அலசி அறிக்கை எழுதும் அதிகாரியாக, பின்னால் அந்தப் பிரிவின் துணைத்தலைவர் அளவுக்கு உயர்ந்தார். சான்சலர் ஹெல்முட் கோலுக்குப் போகும் அறிக்கைகளை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவர் எழுதியது கோலின் மேசைக்கும் போனது, வோல்ஃபின் மேசைக்கும் போனது. வோல்ஃப் அவரைப் பலமுறை நேரில் சந்தித்து மரியாதையோடு நடத்தினார். பணத்துக்காகச் செய்யவில்லை என்பதில் காஸ்ட் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

இன்னொரு பக்கம், அனுப்பப்படும் ஆண்கள் எப்படி மேற்கில் நடமாடினார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. வெளிநாட்டுக்குப் போய்விட்ட, அல்லது கிழக்கே குடிபெயர்ந்துவிட்ட உண்மையான மேற்கு ஜெர்மனியரின் பெயரையும் பிறப்பு விவரத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த ஆள் ஊர் திரும்பிவிட்டதாகப் பதிவு செய்வார்கள். ஜெர்மனியில் வீடு மாறினால் உள்ளூர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். எழுபதுகளின் நடுவில் பி.எஃப்.வி. அந்தப் பதிவேடுகளையே அலசத் தொடங்கியது. தனி ஆண், வெளிநாட்டிலிருந்து வந்தவர், சீக்கிரம் சீக்கிரம் முகவரி மாற்றுபவர் என்று வடிகட்டிப் பார்த்ததில் பலர் சிக்கினார்கள். பலர் அவசரமாகக் கிழக்கே ஓடினார்கள். இவ்வளவு பெரிய உளவு வலைக்குச் சேதம் விளைவித்தது ஒரு குமாஸ்தா வேலை.

முகம் வெளியே வந்தது

வோல்ஃப் எப்படி இருப்பார் என்று மேற்கு நாடுகளின் உளவுத்துறைகளுக்குப் பல ஆண்டுகள் தெரியாது. 1978-இல் ஸ்டாக்ஹோமில் சுவீடன் பாதுகாப்புப் பிரிவு ஒரு மனிதரைச் சந்தேகப்பட்டுப் படமெடுத்து வைத்தது, ஆள் யாரென்று தெரியாமலே. 1979 ஜனவரி 18 அன்று ஹெச்.வி.ஏ.யின் அறிவியல் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்த வெர்னர் ஷ்டில்லர், பை நிறையக் கோப்புகளோடு பெர்லின் ஃப்ரீட்ரிஷ்ட்ராசே ரயில் நிலையம் வழியாக மேற்கே போய்விட்டார். உளவாளிகளை ரகசியமாக அனுப்பத் துறை பயன்படுத்திய அதே வழி. படத்தைக் காட்டியதும் ‘இதுதான் வோல்ஃப்’ என்று அவர் சொன்னார். மார்ச்சில் ‘டெர் ஷ்பீகல்’ வார இதழின் அட்டையில் அந்த முகம் வந்தது.

ஷ்டில்லர் வேலை பார்த்த பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உளவு உண்மையில் லாபம் தந்த இடம் அதுதான். மேற்கு நாடுகள் கணினித் தொழில்நுட்பத்தைக் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு விற்கத் தடை போட்டிருந்தன. ஹெச்.வி.ஏ. அதைத் திருடியும் கடத்தியும் கொண்டுவந்தது. பிற்காலத்தில் துறையின் தரவுத்தளத்தை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு ஒன்று, இந்தத் திருட்டு இரண்டு ஜெர்மனிகளின் தொழில் உற்பத்தித்திறன் இடைவெளியைக் குறைத்தது என்று காட்டுகிறது. கூடவே, சொந்த ஆராய்ச்சி அதனால் பின்தங்கியதற்கான அறிகுறியையும் காட்டுகிறது. 1988 செப்டம்பரில் ஒரு மெகாபிட் நினைவகச் சில்லை யேனா நகரின் கார்ல் சைஸ் நிறுவனம் நாட்டுத் தலைவர் எரிக் ஹோனக்கரிடம் விழா எடுத்து ஒப்படைத்தது. மாதிரி கையில் இருந்தது. அதைப் பெருமளவில், கட்டுப்படியாகும் விலையில் செய்ய முடியவில்லை. வரைபடத்தைத் திருடலாம், ஆனால் அதைச் செய்து பழகிய தொழிற்சாலையின் கைப்பக்குவத்தைத் திருட முடியாது.

நேட்டோவின் உள்ளே

ரைனர் ரூப், 1968 மாணவர் எழுச்சிக் காலத்தில் சித்தாந்தத்தால் ஈர்க்கப்பட்டுச் சேர்ந்தவர். 1977-இல் நேட்டோ தலைமையகத்தில் பொருளாதாரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த அவருடைய பிரிட்டிஷ் மனைவியும் சில காலம் உதவினார். துறைக்குள் அவர் பெயர் ‘டோபாஸ்’. சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்த நாடுகளின் பலத்தைப் பற்றி நேட்டோ என்ன நினைக்கிறது, தன் பலவீனங்களைப் பற்றி அது என்ன எழுதி வைத்திருக்கிறது என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் அவர் வழியாகக் கிழக்கே போயின.

1983 நவம்பரில் நேட்டோ ‘ஏபிள் ஆர்ச்சர்’ என்ற பெயரில் ஒரு அணுப் போர் ஒத்திகை நடத்தியது. அப்போது மாஸ்கோவில் பயம் உச்சத்தில் இருந்தது. அமெரிக்கா திடீரென்று முதல் தாக்குதல் நடத்தப்போகிறது என்று நம்பிய கே.ஜி.பி. 1981 முதல் ‘ரியான்’ என்ற பெயரில் எல்லா நேச உளவுத்துறைகளையும் அறிகுறி தேடச் சொல்லியிருந்தது. ராத்திரியில் அமைச்சக ஜன்னல்களில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணும் வேலையும் அதில் ஒன்று. இது வீண் வேலை என்றே வோல்ஃப் கருதினார். நேட்டோவுக்குள் இருந்த ரூப், தாக்குதலுக்கான ஏற்பாடு எதுவும் இல்லை என்று அந்த நாட்களில் செய்தி அனுப்பியதாகச் சொல்கிறார். அந்தச் செய்தி மாஸ்கோவின் முடிவில் எவ்வளவு எடை பெற்றிருந்தாலும், எதிரி தாக்கப்போவதில்லை என்று உள்ளிருந்தே தெரிந்துகொள்வதுதான் உளவு உலகத்துக்குச் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹெச்.வி.ஏ.யின் நீண்ட வரலாற்றில் நான் நிறுத்தி மரியாதை கொடுக்கும் இடமும் இதுதான்.

ஆப்பிரிக்கா, அரபு நாடுகள் பக்கமும் துறை கால் வைத்தது. 1964 புரட்சிக்குப் பின் சான்சிபாரில், அப்புறம் தெற்கு ஏமனில், எத்தியோப்பியாவில் பாதுகாப்புத் துறைகளை உருவாக்கிப் பயிற்சி கொடுத்தது. அந்த நாட்டு மக்களுக்கு அதனால் வந்தது ஜெர்மன் துல்லியத்தோடு நடத்தப்பட்ட கண்காணிப்பு.

1985: ஒரு துரோகத்தை மறைக்க இன்னொன்று

மேற்கு ஜெர்மனியின் எதிர்உளவு எவ்வளவு ஓட்டையாக இருந்தது என்பதற்கு கிளவுஸ் குரோன் ஒருவரே போதும். பி.எஃப்.வி.யில் கிழக்கு ஜெர்மன் உளவாளிகளைத் தன் பக்கம் திருப்புவது அவர் வேலை. பட்டப்படிப்பு இல்லாததால் பதவி உயர்வு கிடையாது, பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், பான் நகரிலிருந்த கிழக்கு ஜெர்மன் தூதுக்குழு அலுவலகத்துக்கு அவரே கடிதம் போட்டுத் தன்னை விற்க முன்வந்தார். மாதம் 4,000 மார்க் பேசி முடித்தார்கள். மொத்தத்தில் ஏழு லட்சம் மார்க் அளவுக்கு அவருக்குப் போனது.

குரோன் காட்டிக்கொடுத்த இரட்டை உளவாளிகளை ஹெச்.வி.ஏ. உடனே பிடிக்கவில்லை. பிடித்தால் தகவல் எங்கிருந்து கசிந்தது என்று மேற்கு தேடத் தொடங்கும். காத்திருந்தார்கள். 1985 ஆகஸ்டில், குரோனின் மேலதிகாரியும் பி.எஃப்.வி.யில் கிழக்கு ஜெர்மனிக்கு எதிரான பிரிவின் தலைவருமான ஹான்ஸ்யோவாகிம் டீட்கே, குடியிலும் கடனிலும் மூழ்கி, மனைவியை இழந்த நிலையில், தானாகவே ரயில் ஏறிக் கிழக்கே போய்ச் சரணடைந்தார். இப்போது எல்லாப் பழியையும் போட ஒரு ஆள் கிடைத்துவிட்டார். உடனே கைதுகள் நடந்தன. மேற்குக்காக வேலை செய்த ஹோர்ஸ்ட் கரௌ என்ற கிழக்கு ஜெர்மனியர் அதில் பிடிபட்டு ஆயுள் தண்டனை பெற்றார். 1988-இல் பௌட்சன் சிறையிலேயே இறந்தார். டீட்கேதான் காட்டிக்கொடுத்தார் என்று எல்லோரும் நம்பினார்கள். குரோன் தன் நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில்தான் வோல்ஃப் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வாதம் நொறுங்குகிறது. தன் துறை மற்ற நாடுகளின் உளவுத்துறை போன்ற ஒரு தொழில்முறை அமைப்பு, உள்நாட்டில் மக்களை ஒடுக்கிய ஸ்டாசி வேறு என்பது அவர் வாதம். கட்டடம் ஒன்று, அமைச்சர் ஒன்று. 1957 முதல் 1989 வரை எரிக் மீல்கே. வோல்ஃப் அவருக்குத் துணை அமைச்சர். கடைசியில் ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர், அதில் ஹெச்.வி.ஏ.யின் பங்கு சுமார் 3,800. மேற்கிலிருந்து கிடைத்த தகவல் யாரைச் சிறையில் தள்ளும் என்பது தகவலைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். மேற்கோடு தொடர்பு வைத்த அதிருப்தியாளர்கள், தப்பியோட உதவியவர்கள், கரௌ போன்றவர்கள் எல்லோருடைய விசாரணை அறையிலும் வெளிநாட்டுப் பிரிவின் காகிதம் இருந்தது.

அட்டைகள் மிஞ்சின

வோல்ஃப் 1986-இல் ஓய்வு பெற்றார். வெர்னர் குரோஸ்மன் பொறுப்பேற்றார். அடுத்த மூன்று ஆண்டுகளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ஹங்கேரி எல்லை திறந்தது, சுவர் விழுந்தது. நேட்டோவின் ரகசியங்கள் முழுக்கத் தெரிந்த அரசுக்குத் தன் சொந்த மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் தெரியாமல் இல்லை. உள்நாட்டில் சுமார் 1,89,000 ரகசிய உதவியாளர்கள் எழுதித் தள்ளினார்கள். கடைகளில் பொருள் இல்லை, மக்கள் வெறுப்பில் இருக்கிறார்கள் என்றெல்லாம் அறிக்கைகள் மேலே போயின. அதைப் படித்து எதையும் மாற்ற மேலே யாரும் தயாராக இல்லை. உளவு தோற்றதால் கிழக்கு ஜெர்மனி விழுந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1990 ஜனவரி 15 அன்று மக்கள் பெர்லின் ஸ்டாசி தலைமையகத்துக்குள் நுழைந்தார்கள். மற்ற பிரிவுகளின் கோப்புகளைக் குடிமக்கள் குழுக்கள் காப்பாற்றின. ஹெச்.வி.ஏ. மட்டும் வெளிநாட்டில் உள்ள ஆட்களின் உயிருக்கு ஆபத்து என்று வாதாடி, தன்னைத் தானே கலைத்துக்கொள்ள அனுமதி வாங்கியது. 1990 ஜூன் முடிவதற்குள் பெரும்பாலான கோப்புகளை அழித்துவிட்டார்கள். ஜெர்மன் மக்களின் வரலாற்றுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இது. அந்த அனுமதியைக் கொடுத்தது தவறு.

ஆனால் இரண்டு பொருட்கள் தப்பின. ஒன்று, மைக்ரோஃபிலிமில் எடுத்த பதிவட்டைகள். ஹெச்.வி.ஏ. ஆட்களின் விவரத்தைப் பிரித்து வைத்திருந்தது. எஃப்-16 என்ற அட்டையில் உண்மையான பெயர், பிறந்த தேதி, ஒரு பதிவு எண். எஃப்-22 என்ற அட்டையில் அதே பதிவு எண், புனைபெயர், கையாளும் பிரிவு. உண்மைப் பெயர் அதில் கிடையாது. ஒரு அட்டை மட்டும் எதிரி கையில் கிடைத்தால் பயனில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் தெரியும். இரண்டின் படச்சுருளும் சேர்ந்தே சி.ஐ.ஏ. கைக்குப் போய்விட்டன. ‘ரோசன்ஹோல்ட்ஸ்’ என்று அழைக்கப்படும் அந்தத் தொகுப்பை 1993-இல் ஜெர்மன் அதிகாரிகள் அமெரிக்காவில் உட்கார்ந்து கையால் குறிப்பெடுத்து வந்தார்கள். நகல்கள் 381 சி.டி.களாக ஜெர்மனிக்குத் திரும்பி முடிய 2003 ஆனது. மற்றது, சிரா என்ற கணினித் தரவுத்தளத்தின் காந்த நாடாக்கள். எந்தப் புனைபெயர் எந்தத் தேதியில் என்ன தகவல் கொடுத்தது, துறை அதற்கு என்ன மதிப்பெண் போட்டது என்ற பட்டியல் அதில் இருந்தது. ஸ்டாசி ஆவணக் காப்பகத்தில் அதை 1998-இல் படித்தறிந்தார்கள்.

இந்த அட்டைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஆளின் கோப்பில் அவர் மனைவி, நண்பர், குறிவைக்கப்பட்டவர் என்று பலருக்கும் எஃப்-16 அட்டை போட்டிருப்பார்கள். அட்டைகள் மொத்தம் சுமார் 2,80,000. மேற்கு ஜெர்மனியரில் ஒரே நேரத்தில் ஹெச்.வி.ஏ.க்கு உழைத்தவர்கள் கடைசிக் காலத்தில் சுமார் 1,500 பேர்தான். அட்டையில் பெயர் இருந்தது என்பதற்காக ஒருவரை உளவாளி என்று எழுதியவர்கள் நிரபராதிகள் பலரைக் காயப்படுத்தினார்கள்.

யாருக்குத் தண்டனை?

கப்ரியேலே காஸ்ட் 1990 செப்டம்பர் இறுதியில், நாடு இணைவதற்குச் சில நாட்கள் முன்பு, ஆஸ்திரிய எல்லையில் பிடிபட்டார். தன்னைக் கையாண்ட துறையின் அதிகாரி ஒருவரே அவரைக் காட்டிக்கொடுத்திருந்தார். ஆறு ஆண்டு ஒன்பது மாதத் தண்டனை. குரோனுக்கு 12 ஆண்டு. டோபாஸ் என்ற ஆள் நேட்டோவில் இருப்பதை ஹெச்.வி.ஏ.யின் முன்னாள் ஆய்வாளர் ஒருவர் சொல்லிவிட, அட்டைகளின் உதவியோடு ரூப்பை 1993-இல் பிடித்தார்கள். அவருக்கும் 12 ஆண்டு.

அவர்களை அனுப்பியவர்கள் கதை வேறு. வோல்ஃபுக்கு 1993-இல் டூசல்டார்ஃப் நீதிமன்றம் தேசத்துரோகத்துக்காக ஆறு ஆண்டு கொடுத்தது. எந்தத் தேசத்துக்குத் துரோகம், நான் வேறு தேசத்தின் குடிமகன் அல்லவா என்று அவர் கேட்டார். 1995-இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், கிழக்கு ஜெர்மனியில் இருந்துகொண்டு தங்கள் அரசுக்காக உளவு வேலை செய்த அதன் குடிமக்களை அதற்காகத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வோல்ஃபின் தண்டனை ரத்தானது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நடைமுறையில், மேற்கில் அகப்பட்டவர்கள் சிறையில் இருந்தார்கள், அவர்களை வளைத்துப் போட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள்.

வோல்ஃபை 1997-இல் மறுபடி விசாரித்தார்கள், இந்த முறை உளவுக்காக அல்ல. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நடந்த ஆள்கடத்தல், சட்டவிரோதக் காவல் வழக்குகள். பெர்லினில் அமெரிக்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த ஒரு பெண்ணை 1955-இல் அவர் தாயோடு கிழக்குப் பக்கம் கொண்டுபோய், உளவு பார்க்கச் சம்மதிக்கும்படி நெருக்கிய சம்பவம் அதில் ஒன்று. இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. மார்கஸ் வோல்ஃப் 2006 நவம்பர் 9 அன்று பெர்லினில் இறந்தபோது, அவர்மீது மிஞ்சியிருந்த முக்கியத் தீர்ப்பு இதுதான்.